செவ்வாயின் சாயங்காலம்

முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்ததும், மூன்று மாதத்துக்கு மண்டியிடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷம் மண்டியிட்டே பிழைத்த டைல்ஸ்காரருக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. விட்டத்தை வெறித்துக்கொண்டு கிடந்தவரிடம், செவ்வாய் கிரகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஆளில்லா வண்டி அனுப்பிய படங்களை லேப்டாப்பில் காட்டினாள் மகள். துண்டு துண்டாகத்தான் வரும். யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிப் பார்க்கலாம்.

யாரோ ஒட்டியிருந்த ஒன்றில் ஒரு பாறை, பாதி மேலும் பாதி கீழுமாக நின்றது. அவருக்குப் பொறுக்கவில்லை. இப்படி டைல்ஸ் போட்டால் வீட்டுக்காரன் சும்மா விடுவானா என்று முணுமுணுத்தபடி, தானே ஒட்ட உட்கார்ந்துவிட்டார். பார்க்க வந்த மச்சான், அங்கே மனை ஏதும் வாங்கும் உத்தேசமா என்று விசாரித்துவிட்டுப் போனான்.

நாற்பத்தொரு துண்டுகளைச் சேர்த்தபோது ஒரு சூரிய அஸ்தமனம் வந்தது. சூரியனைச் சுற்றி மட்டும் வெளிர்நீலம். கேமராவின் கோளாறு என்று முடிவுகட்டி, ஆரஞ்சு பூச ஆரம்பித்தார். பெயின்ட் கடையில் நாளெல்லாம் நிறம் கலந்துவிட்டு வந்த மனைவி, தோள்பையைக்கூட இறக்காமல் பார்த்தாள்.

"எதுக்கு மாத்துறீங்க?"

"எங்க பாத்தாலும் செம்மண்ணு. சூரியன் மட்டும் எப்படி நீலமா மறையும்?"

"நீங்க அங்க போய்ப் பாத்தீங்களா? அந்த வண்டி பாத்திருக்கு. விடுங்க."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அங்கே பறக்கும் நுண்ணிய தூசியால் அப்படித்தான் தெரியும் என்று மகள் தேடிப் படித்துச் சொன்னதும், சத்தமில்லாமல் பழைய நிறத்தைத் திருப்பி வைத்தார்.

மகள் அந்தப் படத்தை எல்லோருக்கும் அனுப்ப, ஊர் நூலகர் பார்த்துவிட்டு நூலகச் சுவரில் ஒட்டக் கேட்டார். ஒன்பது தாளில் அச்சாகி வந்தது. மேல்வரிசைகளை அவர் நின்றபடியே ஒட்டினார். கீழ்வரிசைக்கு மனைவிதான் மண்டியிட்டாள். அவர் ஸ்டூலில் இருந்துகொண்டு, இடப்பக்கம் ஒரு நூல் ஏற்று, அரை நூல் இறக்கு என்று உயிரை வாங்கினார். முடித்து எழுந்தவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"இத்தன வருஷம் இப்படியா இருந்தீங்க?"

அவர் எழுந்தார். கையை நீட்டி அவளை ஸ்டூலில் உட்காரவைத்தார்.

மறுநாள் சீருடையோடு நூலகத்துக்கு வந்த ஒரு பஸ் டிரைவர் வெகுநேரம் அந்தப் படத்தின் முன்னால் நின்றார். இதை யார் எடுத்தது என்று விசாரித்தார். அங்கே மனுஷர் யாருமில்லை, வண்டி மட்டும்தான் என்றார், படத்தைப் பார்க்க வந்திருந்த டைல்ஸ்காரர்.

"தனியாவா நிக்குது?" என்றார் டிரைவர்.

"தனியாத்தான்."

டிரைவர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.