குவைத்துக்கு லாரி டெஸ்ட்

ஐம்பத்தொன்பதாம் வருஷம். உத்திரமேரூர் அரிசி மில்லில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அருள்தாஸுக்குக் குவைத் பைத்தியம் பிடித்தது. பிடிக்க வைத்தவர் ஜவுளிக்கடை ஜெகபர் சாதிக். எண்ணெய்க் கம்பெனி ஒன்று டிரைவர்களை எடுக்கிறது என்று பேப்பரில் பார்த்து, அவரே இங்கிலீஷில் மனு எழுதிப் போட்டார். மாதம் திரும்புவதற்குள் மதராசுக்கு வரச்சொல்லிப் பதில் வந்துவிட்டது.

"ஒண்ணு மட்டும் அருளு," என்றார் பாய். "அந்த ஊர்ல எல்லாம் தலைகீழு. ஸ்டீரிங்கு இடது பக்கம் கீது. வண்டி போறது ரோட்டுக்கு வலது பக்கம். அந்த மாதிரி லாரிலதான் டெஸ்ட் வைப்பாங்களாம்."

கூரை மேல் உட்கார்ந்து ஓட்டச் சொன்னாலும் ஓட்ட அருள்தாஸ் தயார். ஆனால் பழகுவதற்கு அப்படியொரு லாரிக்கு எங்கே போவது?

அவன் மனைவி மார்த்தாள் வழி கண்டுபிடித்தாள். வாசலில் கூடையைக் கவிழ்த்து அவனை உட்காரவைத்தாள். கையில் முறம், அதுதான் ஸ்டீரிங். வலது பக்கம் உலக்கையை நட்டாள், அது கியர்.

"எதுருக்க பஸ்ஸு வருது, ஒதுங்கு! ஐயய்யோ, அந்தாண்ட இல்லய்யா, சோத்தாங்கை பக்கம்!"

தெருவே கூடிச் சிரித்தது. அவன் விடவில்லை.

மதராசில் துறைமுகத்தை ஒட்டிய கிடங்கில் பேட்டி. கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை கேட்டதைக் குமாஸ்தா தாமோதரன் தமிழில் சொன்னார்.

"பாலைவனத்து வெயிலத் தாங்குவியான்னு கேக்கறார்."

"சித்திரை மாசம் எஞ்சின் பக்கத்துல குந்திக்கினு வர்றவன் சார் நானு!"

துரை சிரித்தபடி லாரியைக் காட்டினார். அவரும் தாமோதரனும் கூடவே ஏறிக்கொண்டார்கள். அருள்தாஸின் வலது கை தானாகக் கியரைப் பிடித்தது. வண்டி அலுங்காமல் கிடங்கைச் சுற்றி வந்தது. துரை வெளியே ரோட்டுக்குப் போகச் சொன்னார். வந்த உற்சாகத்தில் கேட்டைத் தாண்டியவன், குவைத்தில் போவதுபோல ரோட்டின் வலது பக்கமே ஏறிவிட்டான். எதிரே நிஜமாகவே ஒரு பஸ்!

பிரேக்கை மிதித்தான். முட்டுகிற தூரத்தில் இரண்டு வண்டியும் நின்றன. பஸ் டிரைவர் எட்டிப் பார்த்துத் திட்டியது எதுவும் அவன் காதில் விழவில்லை. எல்லாம் போச்சு என்று ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

துரை வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். தாமோதரனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நீ இப்பவே குவைத் போய்ச் சேந்துட்டியாம்பா! கப்பல் ஏறுற வரைக்கும் மதராசுல நடந்தே போவணுமாம்!"

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவன் நேரே கழனிக்கு ஓடினான். நாற்று நட்டுக்கொண்டிருந்த மார்த்தாள் சேற்றுக் கையோடு நிமிர்ந்தாள்.

"இன்னாய்யா ஆச்சி?"

"கெடச்சிடுச்சிடி!"

அவள் போட்ட கூச்சலில் வரப்பிலிருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

குவைத்தில் அவன் தண்ணீர் லாரி ஓட்டினான். முதல் லீவு முடிந்து திரும்பும்போது மார்த்தாளையும் பம்பாய் வரை அழைத்துப் போய், கப்பலைக் காட்டிவிட்டுத்தான் ஏறினான்.