பூனா வண்டியில் கிடைத்த வசனம்

மழை விட்டு ஆயுத பூஜை வந்துவிட்டால் தாராவியில் எங்கள் ஆட்களுக்கு இருப்புக் கொள்ளாது. பட்டறைகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூட்டிவிட்டு, மாமாவின் நாடகக் கோஷ்டி தாதரில் பூனா வண்டி ஏறும். பூனாவில் ஊர்க்காரர்கள் நடத்திய சபையில் ஒரு நாடகம். மறுநாள் பர்வதி மலை ஏறிவிட்டுத் திரும்பிவிடுவோம். வருஷம் முழுக்கத் தோல் நாற்றத்தில் கிடந்தவர்களுக்கு அதுதான் கலை, அதுதான் உல்லாசம்.

மாமா என்றால் என் அப்பாவுடைய தங்கையின் புருஷன். அவர் எழுதும் ராஜா கதைகளில் பல வருஷமாக அத்தைதான் ராணி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில், அவளுக்குத் தாடை இரட்டித்த பிறகு, அந்த வேஷம் என்னிடம் வந்தது. அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நானும் அதை நம்பினேன், மடச்சி.

அப்பாவுக்கு இதில் விருப்பமே இல்லை. "ஒரு தடவ போயிட்டு வா. எவனாவது ஒத்த சொல்லு சொல்லிட்டாம்னா அத்தோட சரி. பொறவு கல்யாணந்தான்" என்று சொல்லிவிட்டு, காவலுக்கு அவரும் கூடவே வந்தார். எனக்கோ மேடையைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வேஷம் கட்டி நின்றால்தான் நான் ஒரு ஆள் என்ற நினைப்பே வரும்.

ஆனால் எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பேசுவேன், நன்றாகவே வைவேன், படித்தது மட்டும் இந்திப் பள்ளிக்கூடம். அதனால் மாமா எனக்கு வசனத்தை இந்தி எழுத்தில் எழுதித் தருவார். அந்த எழுத்தில் 'கொ'வும் கிடையாது, 'பெ'யும் கிடையாது. இவற்றின் குறிலையும் நெடிலையும் ஒரே மாதிரிதான் எழுத வேண்டும். நான் எல்லாவற்றையும் நீட்டி வாசிப்பேன். "மழை பேய்தது" என்பேன். ஒத்திகையில் மாமா மண்டையில் குட்டிக் குட்டித் திருத்துவார். அந்தக் குட்டுகளால்தான் பிழைத்தேன்.

அன்று வண்டி கர்ஜத்தில் நின்று, மலை ஏறுவதற்காகப் பின்னால் இன்னொரு இஞ்சின் மாட்டிக்கொண்டிருந்தபோது மாமாவுக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. சபைத் தலைவர் பெரிய வியாதியில் கிடந்து அப்போதுதான் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தார். நாடகத்தின் கடைசியில் ராணி ராஜாவுக்குப் போர்த்த வேண்டிய வெற்றிக் கொடியை, மேடையை விட்டு இறங்கி வந்து அவருக்கே போர்த்த வேண்டும். அதற்கு ஒரு வசனத்தைச் சிகரெட் அட்டையில் எழுதி என் கையில் திணித்துவிட்டு, சீட்டாட அடுத்த பெட்டிக்கு ஓடிவிட்டார்.

வடையைத் தின்றுகொண்டே வாசித்தேன்: "ஐயனே, இந்தக் கோடியை உங்களுக்குப் போர்த்தவே காத்திருந்தேன்."

எனக்குத் தெரிந்த கோடி பணக்காரர்களிடம் இருப்பது. கொடி என்றால் துணி காயப்போடுவது. கம்பத்தில் பறப்பதை நாங்கள் ஜண்டா என்போம். பக்கத்தில் இருந்த அத்தையிடம் கேட்டேன்.

"கோடின்னா என்னது, அத்தை?"

அத்தை அட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழும் தெரியும், இந்தி எழுத்தும் தெரியும்.

"பட்டுச் சால்வைட்டி. ராசாமாருக்குப் போத்துவாவ."

"கோடி... சரியாச் சொல்லுதேனா?"

"நல்லாருக்குட்டி. அப்படியே சொல்லு. சத்தமாச் சொல்லு."

வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்தது. இருட்டிலும் நான் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

நாடகத்துக்குக் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. கடைசியில் மடிப்புக் கலையாத மஞ்சள் துணியை ஏந்தி இறங்கினேன். தலைவர் எலும்பும் தோலுமாக எழுந்து, கும்பிட்டு, தலை குனிந்தார். துணியை அவர் மேல் போர்த்தி, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி வசனத்தைச் சொன்னேன்.

செத்தவர் மேல் சொந்தக்காரர்கள் போர்த்துகிற புதுத்துணிக்குத்தான் எங்கள் பக்கம் கோடி என்று பேர். கல்யாணமாகாத பெண்களை எழவு வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். நான் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை.

தலைவரின் சம்சாரம் "ஐயோ" என்று அலறி, அந்தத் துணியைப் பிடுங்கி என் முகத்தில் எறிந்தாள். பின்வரிசையில் எவனோ சிரிக்க ஆரம்பித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மேடைக்குப் பின்னால், கிரீடத்தைக்கூடக் கழற்றவிடாமல், அப்பா என்னை அறைந்தார். "அத்தைதான் அப்படிச் சொல்லச் சொன்னா" என்று கத்தினேன்.

"நானா? அந்தச் சொரங்கத்துக்குள்ள என்ன கேட்டுச்சு? பிள்ள என்னமோ மொணமொணன்னு இருந்துச்சு, அண்ணே" என்றாள் அத்தை. அதோடு நிற்காமல் அழவும் செய்தாள். நடிப்பில் அவளை அடிக்க ஆள் கிடையாது.

பொங்கலுக்குள் என்னைச் செம்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த பூஜைக்கு அத்தை தலைக்கு மை அடித்து மறுபடி ராணியானாள். எனக்கு மட்டும் கோடிக்காரி என்று பேர் நிலைத்தது. அந்தத் தலைவர் அதற்குப் பிறகும் வெகுகாலம் குண்டுக்கல் மாதிரி இருந்தார்.

எங்கள் வழக்கத்தில் பெண் செத்தால் முதல் கோடி பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். அத்தை செத்தபோது அப்பா இல்லை. அண்ணன் தம்பியும் எனக்கு இல்லை. "பொறந்த வீட்டுக் கோடி வந்தாச்சா?" என்று பெண்கள் வாசலைப் பார்த்துக் கேட்டார்கள். புதுச்சேலையோடு நான் உள்ளே போனேன். மஞ்சள் நிறமாகத் தேடி வாங்கியிருந்தேன்.

விரித்துக் கழுத்துவரை போர்த்தினேன். கால்மாட்டில் மாமா தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். குனிந்து, அத்தையின் காதருகே, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்:

"இந்தக் கோடியை உங்களுக்குப் போர்த்தவே காத்திருந்தேன்."

என்ன பாசம் என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். மாமா மட்டும் விருட்டென்று நிமிர்ந்தார். இந்தத் தடவை அவர் திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.