பிள்ளை எடுத்த கை

அந்தப் பச்சைச் சேலையை நான் ஒருநாளும் கட்டியதில்லை. சிவப்புக் கரை போட்ட கைத்தறி. இத்தனை வருஷம் என் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்து, மடித்த இடமெல்லாம் வெளுத்துப் போயிருக்கிறது. முந்தானை ஓரத்தில் சித்தூர் கோர்ட்டுக் குமாஸ்தா மையால் எழுதிய ஓர் எண் இன்னும் இருக்கிறது. நேற்று என் மகனைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கிளம்பும்போது அதை எடுத்துப் பைக்குள் வைத்தேன். மருமகள் பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மா இப்போ?" என்றாள். ஏ.ஸி. குளிரும், போர்த்திக்கொள்ள என்றேன். நெஞ்சைத் திறந்து செய்கிற ஆப்பரேஷன் அவனுக்கு. எனக்குக் குளிரும் தெரியவில்லை, பசியும் தெரியவில்லை, பயம் ஒன்றுதான் தெரிந்தது.

அந்தச் சேலை என் மாமியாருக்கு வந்தது. அவளை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் வேதக்காரர்கள், சித்தூர் மிஷன் சபையில் தலைமுறையாக இருக்கிறவர்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்து, மெட்ராஸ் சர்க்காரின் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தவள் அத்தை. வாக்கப்பட்டு வந்தது விஜயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நெல்லும் வேர்க்கடலையும் விளைகிற பூமி. அங்கே பிறந்த பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். குரலோ ஏரிக்கரை தாண்டிக் கேட்கும். வலியில் புரள்கிற பெண்ணிடம் போய், "கத்தறதையெல்லாம் நாளைக்குக் கத்திக்கடி, இப்போ முக்கு" என்பாள். அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது என்று பெற்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு அந்த வீட்டுக்குப் போனவள். மாமியார் என்றால் பயம் இருக்கும் என்று நினைத்துப் போனேன், போன அன்றைக்கே என் தட்டிலிருந்த மீனை எடுத்து அவள் தின்றுவிட்டாள்.

ஆந்திரா தனியாகப் பிரிந்தபோதே அவள் சான்றிதழ் அந்தரத்தில் தொங்க ஆரம்பித்துவிட்டது. அது மெட்ராஸ் சான்றிதழ், ஊரோ ஆந்திராவில். ஆனால் எங்கள் ஊர் கடைசியில் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாததால் எந்த அதிகாரியும் அதைக் கேட்கவில்லை. எங்கே பார்த்தாலும் எல்லைப் பேச்சு. தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்குமா, வரி எங்கே கட்டுவது என்றெல்லாம் ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை அதைக் காதில் வாங்கவே மாட்டாள். "பொறக்கற புள்ள கோட்டைப் பாத்துக்கினா பொறக்குது?" என்பாள். அப்புறம் கோடு முடிவானது. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் மெட்ராஸ், இந்தப் பக்கம் நாங்கள் ஆந்திரா. அது முடிவான பிறகுதான் சட்டம் எங்கள் வாசலுக்கு வந்தது.

வந்தவர் ஜில்லா சுகாதார அதிகாரி. நல்ல மனுஷர், அதைச் சொல்லியாக வேண்டும். மோர் வாங்கிக் குடித்துவிட்டுத் தெலுங்கில் மெதுவாக விளக்கினார். மெட்ராஸ் ரிஜிஸ்தரில் பெயர் இருந்தால் இங்கே செல்லாது, ஹைதராபாத்துக்கு எழுதிப் போட்டுப் பெயரைப் பதிய வேண்டும். அதுவரைக்கும் பிரசவம் பார்ப்பது குற்றம். ஆனால் சட்டத்தில் விலக்கு உண்டு. சொந்த வீட்டு மனுஷருக்குப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு என்றால் அண்டை அயலாருக்கு உதவுகிற மாதிரி, ஒன்றும் வாங்காமல் பார்க்கலாம். வாங்கினால் அது தொழில், லைசென்ஸ் இல்லாத தொழில். "ஏமீ தீஸுகோகூடதம்மா. அரட்டிபண்டு கூடா" என்று விரலை ஆட்டிச் சொன்னார். ஒன்றும் வாங்கக்கூடாது, வாழைப்பழம்கூட வாங்கக்கூடாது. அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். வாங்காமல் இருப்பது என்ன பெரிய கஷ்டமா, நம்மிடம் நிலம் இருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஊரைத் தெரியவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. அந்தப் பக்கத்துக் குடியானவர்களிடம் ஒரு வழக்கம். பிள்ளை எடுத்த கையை வெறுங்கையாக அனுப்பமாட்டார்கள். ஏழை என்றால் ஒரு படி நெல், இருந்தவர்கள் என்றால் சேலை, எதுவானாலும் வெற்றிலை பாக்கு மஞ்சளோடு அந்தக் கையில் வைத்து நிறைத்துத்தான் அனுப்புவார்கள். நிறைக்காவிட்டால் பிள்ளை இன்னும் அவள் கையிலேயே இருக்கிறது, பெற்றவள் மடிக்கு வரவில்லை என்று அர்த்தம். கூலி, மரியாதை என்பதெல்லாம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். வேதக்காரர்களான எங்களுக்கு இது கேலியாக இருந்தது. அத்தை இத்தனை நாளும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்ததால் ஊரும் பேசாமல் இருந்தது.

வாங்க மறுத்த நாளிலிருந்து ஊரின் பார்வை மாறியது. முதலில் கெஞ்சினார்கள். அப்புறம் வாசலில் வைத்துவிட்டு ஓடினார்கள். அத்தை ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்கே போய்த் திருப்பிக் கொடுத்தாள். வைத்த தாம்பூலம் திரும்பி வருவதென்றால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும் பெண்கள் முகம் வெளிறிப் போனதை நானே பார்த்தேன். அந்த வருஷம் கக்குவான் இருமல் வந்தது. எந்த ஊரிலும் வருவதுதான், ஏரிக்கு அந்தப் பக்கமும் வந்தது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு குழந்தை இருமினால் அது அத்தை கையில் இருக்கிற குழந்தையா, மடிக்கு வந்த குழந்தையா என்று கேட்க ஆரம்பித்தார்கள். கிணற்றடிக்கு நாங்கள் போனால் பேச்சு நின்றுவிடும். பெரிய வீட்டு மூத்த மருமகளின் ஆண் குழந்தை அந்தக் கக்குவானில்தான் போனது. அத்தை எடுத்த குழந்தை. அவர்கள் கொடுத்தனுப்பிய தாம்பாளத்தை அத்தை திருப்பி அனுப்பியிருந்தாள். துக்கம் கேட்கப் போன எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அதே வீட்டு இளைய மருமகளுக்கு வலி கண்டது. நல்ல உச்சிவெயில். பள்ளிக்கூடம் லீவு என்பதால் அத்தையின் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். எனக்கும் அப்போது தலைச்சன் உண்டாகியிருந்தது. வாசற்படியில் பெரிய வீட்டுக்காரர் தாம்பாளத்தோடு வழிமறித்து நிற்கிறார். அதில் இந்தப் பச்சைச் சேலை. உள்ளே அந்தப் பெண் கத்துகிறாள்.

"மொதல்ல இதை வாங்கிக்கம்மா. அப்பால உள்ள போ" என்றார்.

"பெரியவரே, வாங்கினா என்னை ஜெயில்ல போடுவாங்க. வழி வுடு. கால் மொதல்ல வருதுன்னு சொல்லிக்கினு இருக்காங்க."

"ஒண்ணைக் குடுத்துட்டேன். இன்னொண்ணையும் உன் கையில வுட்டுட்டு என்னால நிக்க முடியாதும்மா."

அவர் அழுதுகொண்டே சொன்னார். மீசை வைத்த, ஊருக்கே நியாயம் சொல்கிற மனுஷர். கோபமாகச் சொல்லியிருந்தால் அத்தை திட்டித் தள்ளிவிட்டுப் போயிருப்பாள். சேலையை எடுத்து, "புடிடி" என்று என்மேல் எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள். பொழுது சாய்வதற்குள் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பேரன் அழுத சத்தம் கேட்டதும் அந்த மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. மேளக்காரர்களைக் கூட்டி வந்து, சேலையை அத்தையின் தோளில் போட்டு, தெருவெல்லாம் அடித்துக்கொண்டு எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள்.

அதே வாரம் அதிகாரி வந்தார். இந்தத் தடவை மோர் வேண்டாம் என்றார். "நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன், மேளம் அடித்து எழுப்பிவிட்டீர்களே" என்று தெலுங்கில் வருத்தப்பட்டுவிட்டு, சேலையை எடுத்துப் போனார். சித்தூர் வக்கீல் தைரியம் சொன்னார். கேஸில் பலமே இல்லை, உண்டாகியிருக்கிற மருமகளுக்கு வந்த சேலை என்று சொல்லிவிடலாம், பிரசவத்துக்காக ஒன்றும் கொடுக்கவில்லை என்று பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விலக்கு அப்படியே நிற்கும், ஹைதராபாத்திலிருந்து பதிவும் வந்துவிடும் என்றார். பெரியவருக்குச் சந்தோஷம். அத்தைக்காக உயிரையே கொடுப்பேன், ஒரு பொய் சொல்ல மாட்டேனா என்றார். கேஸ் அன்றைக்கு பஸ்ஸில் வழியெல்லாம், "ஒண்ணும் குடுக்கல சாமி, ஒண்ணும் குடுக்கல சாமி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அழகா சொல்ற பெரியவரே, நாடகத்துக்குப் போயிருக்கலாம்" என்று கிண்டல் செய்தாள். சித்தூர் நெருங்க நெருங்க அவர் குரல் கம்மிக்கொண்டே வந்தது எனக்கு மட்டும் கேட்டது.

கூண்டில் ஏறினார். மாஜிஸ்டிரேட் சேலையைக் காட்டி, பிரசவம் பார்த்ததற்கு இந்த அம்மாவுக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். பெரியவர் வாயைத் திறந்தார், மூடினார். நெற்றியில் வேர்வை. வக்கீல் இருமினார். வீட்டில் தொட்டிலில் பேரன் இருக்கிறான், அவன் தாத்தா எல்லோருக்கும் நடுவில் நின்று, எடுத்த கை வெறுங்கைதான் என்று சொல்ல வேண்டும். அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன். அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. "குடுத்தேன் சாமி" என்றார் பெரியவர். "நெறைவா குடுத்தேன். சேலை, தாம்பூலம், மஞ்சள், எல்லாம் வெச்சுக் குடுத்தேன். மேளம் வெச்சேன். ஊரே பாத்துது." சொல்லிவிட்டு அத்தையைப் பார்த்துக் கைகூப்பினார். "எம் பேரன் மேல எப்பிடிம்மா சொல்லுவேன்?"

அபராதம் சின்னதுதான். பெரிய தண்டனை வேறு. வெளி மனுஷர் யாருக்கும் இனிப் பிரசவம் பார்க்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். தண்டனை பெற்றவள் என்பதால் ஹைதராபாத்துப் பதிவும் இல்லை என்றாகிவிட்டது. சேலையை மட்டும் முந்தானையில் எண் போட்டுத் திருப்பித் தந்தார்கள். ஆபத்துக்கு விலக்கு இல்லையா என்று அத்தை வக்கீலைக் கேட்டாள். உண்டு, ஆனால் அது ஆபத்துதான் என்பதை அப்புறம் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும் என்றார் அவர். அந்த மழைக்காலத்தில், வலி கண்ட எங்கள் தெருக்கோடிப் பெண் ஒருத்தியைப் புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டி எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அத்தை கதவுக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வண்டியிலிருந்தவள் அத்தையைக் கூப்பிட்டாளோ என்னவோ, மழை இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. வண்டி பாதி வழியிலேயே அழுகைச் சத்தத்தோடு திரும்பி வந்தது. அன்றைக்குப் பிறகு அத்தையின் குரல் எங்கள் வீட்டுக் கூடத்தைத் தாண்டிக் கேட்டதே இல்லை. பாவி மனுஷங்க, கோடு போட்டவர்களும் சரி, மேளம் அடித்தவர்களும் சரி, யாரை நான் திட்டுவது!

எனக்கு வலி வந்தபோது அவள் சட்டப்படி தொடக்கூடிய ஒரே பெண் நான்தான். என் பிள்ளை சுலபத்தில் வரவில்லை. கொடி கழுத்தைச் சுற்றி, நீலம் பாரித்து வந்தவனை அவள் ஊதி, தட்டி, திட்டி அழ வைத்தாள். ஜெபம் பண்ணினேன். அப்படியும் மனசு கேட்கவில்லை. பக்கத்திலிருந்த பெட்டியைத் திறந்து அந்தச் சேலையை எடுத்தேன். அவள் மடியில் வைத்து, "வாங்கிக்க அத்தை, எனக்காக வாங்கிக்க" என்றேன். கேலி செய்த வாய்தான் என்னுடையது. அவள் சேலையைத் தள்ளிவிட்டு, பிள்ளையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வூட்டு ஆளுன்னுதாண்டி உன்னைத் தொட வுட்டு வெச்சிருக்காங்க. இதை வாங்கிட்டா நீ எனக்கு வேத்து ஆளு ஆயிடுவே." அவள் சாகும்வரை எத்தனையோ சேலை கட்டக் கொடுத்தேன், கட்டினாள். இதை மட்டும் அவள் தொடவில்லை.

இப்போது ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே சுவரில் டாக்டரின் பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே, ஊழியர்களுக்கு எதுவும் கொடுக்காதீர்கள் என்று தெலுங்கில் ஒரு அறிவிப்பு. சற்று முன் ஒரு நர்ஸ் வெளியே வந்தாள். என் பேத்தி வயசு. இன்னும் நேரம் ஆகும் என்றாள். எனக்கு என்ன தோன்றியதோ, சேலையை எடுத்து அவள் கையில் வைக்கப் போனேன். அவள் பதறிக் கையை இழுத்துக்கொண்டாள். அறிவிப்பைக் காட்டி, "ஏமீ தீஸுகோகூடதம்மா" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். மருமகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனாள்.

கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு அணையவில்லை. சேலை என் மடியில் இருக்கிறது. பெரிய வீட்டுக்காரர் நம்பினது நிஜம் என்றால், என் பிள்ளை இன்னும் என் மடிக்கு வரவில்லை. அறுபது வயசு தாண்டியும் அத்தை கையிலேயேதான் இருக்கிறான். இத்தனை காலம் அதை நினைத்து நினைத்துப் பயந்தேன். அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் பெட்டியைத்தான் பார்ப்பேன். இன்றைக்கு வேறு மாதிரிக் கேட்கத் தோன்றுகிறது. நீலம் பாரித்து வந்தவனை விடாமல் பிடித்த கை அது. அப்படியே கெட்டியாப் பிடிச்சுக்க, அத்தை. கோட்டுக்கு இந்தப் பக்கமே பிடிச்சுக்க.