மனக்கணக்கில் மட்டும் பூஜ்யம்

1958ஆம் வருடம் என்று நினைக்கிறேன். புதுக்கோட்டை அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தது. வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயது இருபத்தாறு. பிள்ளைகள் பயப்பட வேண்டுமே என்று உதடு தெரியாத அளவுக்கு அடர்த்தியாக மீசை வளர்த்திருந்தேன்.

முன்வரிசையில் ஒரு பெண். கரும்பலகையில் எழுதிப்போடும் கணக்கை எல்லாருக்கும் முன்னால் முடித்துவிடுவாள். வாயால் சொல்லும் மனக்கணக்கில் மட்டும் பூஜ்யம். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள் என்று தனியே உட்கார வைத்தேன். அப்போதும் பலகைக் கணக்கு அத்தனையும் சரி, மனக்கணக்கு பூஜ்யம். திமிர் என்று முடிவுகட்டினேன். பிரம்பால் இரண்டு முறை அடித்தும் இருக்கிறேன். கடைசியில் அவள் அம்மாவை வரச்சொல்லி, இவளுக்குப் படிப்பு ஏறாது என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா எதிர்த்துப் பேசவில்லை. "திங்கக்கெழமையிலேர்ந்து கடலை பறிக்கக் கூட்டிட்டுப் போயிடுறேங்க" என்று மட்டும் சொன்னார்.

இதைத் தமிழ் டீச்சரிடம் சொன்னபோது அவர் திகைத்துப்போனார். "என்ன சார் சொல்றீங்க? நான் வாயால சொல்றத ஒரு எழுத்து பிசகாம எழுதுறாளே!"

அது என் மண்டையைக் குடைந்தது. டீச்சர் சொன்னால் எழுதுகிறவள் நான் சொன்னால் மட்டும் ஏன் விழிக்கிறாள்?

மறுநாள் டீச்சர் வகுப்பை ஜன்னல் ஓரம் நின்று பார்த்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். நடுவில் டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பியபடி ஒரு வரி சொன்னார். மற்ற பிள்ளைகள் எழுதினார்கள், இவள் பென்சில் நின்றுவிட்டது. எனக்கு ஏதோ பொறிதட்டியது. பள்ளிக்கூட மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை ஓங்கி அடித்தேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவள் மட்டும் டீச்சர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு, 'டீச்சர் சொல்வது புரிகிறது. நான் சொல்வது ஏன் புரியவில்லை?' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அடி விழுமோ என்று தயங்கினாள். பிறகு மேலுதட்டில் விரலை வைத்து, குழறலாக, "மீசை மறைக்குது சார்" என்றாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கே போனேன். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி காய்ச்சல்ல காது போயிருச்சுங்க. சொன்னா பள்ளிக்கூடத்துல வச்சுக்க மாட்டீகளோன்னு பயந்துட்டேன்" என்று அந்த அம்மா அழுதார். திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் அனுப்பிப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் சவரத்துக்கு உட்கார்ந்து மீசையை எடுக்கச் சொன்னதும், "யாருகிட்ட பந்தயத்துல தோத்தீங்க?" என்றார் முடிவெட்டுகிறவர். என் வகுப்புப் பிள்ளையிடம்தான் என்றேன். அவர் நம்பவில்லை.

திங்கட்கிழமை என்னைப் பார்த்து வகுப்பே சிரித்தது. அவளுக்கு நேரே நின்று, நிறுத்தி நிறுத்திப் பத்துக் கணக்கு சொன்னேன். எட்டு சரி. அறுபதும் எழுபதும் உதட்டில் ஒன்றுபோலத் தெரிகின்றனவாம், அதனால் இரண்டு தப்பு. அந்த மாதிரி எண்களுக்கு அவளே விரல் சைகை கண்டுபிடித்துக் கொடுத்தாள். ஒரு மாதத்துக்குள் வகுப்பு முழுக்க அந்தச் சைகையில்தான் கணக்குப் போட்டது. மனக்கணக்கு என்றாலே நடுங்கிய பிள்ளைகள்கூடக் கையைத் தூக்க ஆரம்பித்தார்கள். அவள் ஐந்தாம் வகுப்பு தேறி ஹைஸ்கூலுக்குப் போனாள். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அப்போது எங்களுக்குக் கிடையாது. நான் கேட்டிருக்கலாம்.

அதன் பிறகு ஏழெட்டு ஊர்களில் வேலை பார்த்தேன். பாடம் புரியாத பிள்ளை இருந்தால், வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளை உட்காரும் இடத்தில் நானே போய் உட்கார்ந்து பார்ப்பேன். அங்கிருந்து பார்த்தபோதெல்லாம் திருத்திக்கொள்ள வேண்டியது ஏதாவது என்னிடம்தான் இருந்தது.