நோர்வூட்டில் அழித்தும் அழியாத ஒரு வரி

பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து எழுதித் திருத்தக்கூடிய இணையதளம் ஒன்றை உருவாக்க நானும் நண்பன் ரமேஷும் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். அதன் மாதிரி ஒன்று என் போனில் ஓடுகிறது. கொழும்பு அறையில் போட்ட திட்டம், சிக்னல் இல்லாத இடத்தில் தாங்குமா என்று பார்க்கத்தான் போன ஐப்பசியில் நோர்வூட் போனேன். மழைக்குள் போகாதே என்றான் ரமேஷ். கேட்டிருக்கலாம்.

காலை 5.30 பஸ், 10.45க்கு ஹட்டன். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பிறகு ஆட்டோவில் ஐந்து கிலோமீற்றர், 900 ரூபாய். பனிமூட்டத்தில் டிரைவர் ஹோனை நம்பி ஓட்டினார். நான் கடவுளை நம்பி உட்கார்ந்திருந்தேன். தேயிலைத் தோட்ட ஆபீசில், தொழிலாளர்களை அதில் எழுதவைத்துப் பார்க்க அனுமதி கேட்டபோது, அவர்கள் எழுதுவதைத் தானும் பார்க்க வேண்டும் என்றார் கிளார்க். அங்கேயே அவருக்கும் இணைப்பை அனுப்பினேன்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், கொழுந்து பறிக்கும் செல்வியக்கா, வீடுகளுக்குப் பின்னால் மண்மேடு சரியும்படி வெடிப்பு விட்டிருப்பதாகக் கொழும்பு அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். அவர் பெயரைப் பதிந்து என் போனைக் கொடுத்தேன். வெடிப்பை வெளியே சொல்லக்கூடாதென்று தோட்ட ஆபீசில் மிரட்டினார்கள் என ஒரு வரி எழுதியவர், யோசித்துவிட்டு அதை அழித்தார்.

“அழிச்சது போயிருச்சுங்களா தம்பி?”

எதுவும் தொலையாது என்று பெருமையடித்துப் பழைய பதிவைத் திறந்து காட்டினேன். அழித்த வரி அவர் பெயரோடும் நேரத்தோடும் அப்படியே இருந்தது. சிக்னல் வந்ததும் தானாகவே எல்லோருக்கும் போய்விடும் என்றேன். எல்லோரும் என்றால் யார் யார் என்று கேட்டார். அப்போதுதான் எனக்குக் கிளார்க்கின் ஞாபகம் வந்தது.

“கிளாக்கரய்யா பாத்தா நாளைக்குப் பெரட்டுல எனக்குப் பேரு இருக்காதுங்க.”

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பெயர் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. அனுப்புவதை நிறுத்தப் போனை வாங்கினேன். அந்த நேரம் பார்த்து சிக்னல் ஒரு கோடு காட்டியது. மறுநொடி பேட்டரி தீர்ந்து போன் அணைந்தது. வரி போனதா, இல்லையா? மழைக்கு லயத்தில் கரண்டும் இல்லை.

நோர்வூட்டுக்கு ஐந்து கிலோமீற்றரும் நடந்தேன். வழியில் எதிரே வந்த ஒவ்வொருவரும் கிளார்க்காகவே தெரிந்தார்கள். அங்கே ஒரு முஸ்லிம் கடைக்கார நானாவின் போனை வாங்கி ரமேஷைக் கூப்பிட்டேன்.

“ஒண்டும் வரல்ல மச்சான். வெறும் பக்கம்தான் இருக்கு.”

கிளார்க்கின் இணைப்பை உடனே வெட்டச் சொன்னேன். இரவு நோர்வூட்டில் தங்கி, மறுநாள் காலை ஆறு மணிக்கு, பெரட்டுக்குப் போகும் வழியில் செல்வியக்காவைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்களும் தூங்கியதாகத் தெரியவில்லை.

“சரிங்க. அப்ப அந்த லெட்டரு?”

வெட்கமாகிவிட்டது. முந்தின நாள் முழுக்க அந்த வரிக்குப் பயந்தேனே தவிர, மண்மேட்டை மறந்தே போயிருந்தேன்.

மழையில் போகிறவர்கள் பவர்பேங்க் இல்லாமல் போகாதீர்கள். இப்படியொரு தளம் கட்டுகிறவர்களுக்கும் ஒன்று: எழுதியவர் அழித்தால் நிஜமாகவே அழியட்டும், அவர் சொல்லாமல் எதுவும் போக வேண்டாம். எங்கள் திட்டத்தில் இப்போது முதல் வேலை அதுதான்.

கடிதத்தைக் கடைசியில் தாளில்தான் எழுதினோம். அங்குள்ள எல்லோருடைய கையெழுத்தும் கிளார்க்குக்குத் தெரியும் என்பதால் செல்வியக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கீழே ஒரு பெயர் வேண்டும். அவர் பெயரைப் போட்டால் பெரட்டில் பெயர் போகும், என் பெயரைப் போட எனக்குப் பயம். ஒவ்வொரு வரிக்கும் எழுதியவர் பெயர் தெரிய வேண்டும் என்று திட்டத்தில் எழுதியவன் நான்தான், பேனா நகரவில்லை. செல்வியக்கா பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் என் பெயரையும் விலாசத்தையும் போன் நம்பரையும் எழுதி, ஹட்டனில் தபாலில் போட்டேன். இப்போதும் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால், தோட்ட ஆபீசாக இருக்குமோ என்று எடுக்கப் பயமாக இருக்கிறது.