ஒரே மாணவி

நன்றாகக் கற்பித்தே ஒரு பிள்ளைக்குத் தீங்கு செய்துவிட முடியுமா? லண்டனின் செவன் கிங்ஸ் பகுதியில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பொன்றின் பின்வரிசையில் அமர்ந்திருந்தபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் நான் இந்துமாக்கடல் தீவொன்றில், விடுதி நடத்தும் யாழ்ப்பாணக் குடும்பமொன்றோடு தங்கி, அவர்களுடைய ஒன்பது வயது மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அந்தத் தீவில் பள்ளி இல்லை. விடுமுறைக்கு எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு லண்டன் வந்த தாய், மகளை ஒரு நாள் அந்த வகுப்பில் இருத்திப் பார்த்தார்.

ஆசிரியை எவரைப் பார்த்துக் கேட்டாலும் இவளே பதில் சொன்னாள். எல்லாம் சரியான பதில்கள். பக்கத்திலிருந்த சிறுமி, "மிஸ், அப்ப நாங்கள் வீட்ட போகட்டோ?" என்றாள். வகுப்பு சிரித்தது. இவள் குழம்பிப்போய் என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், மிஸ் என்னைத்தானே கேட்டவ?"

இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு கேள்வியையும் அவளிடம் மட்டுமே கேட்டவள் நான். அமர்ந்திருக்க முடியாமல் எழுந்து வெளியே போய் நடந்துகொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் தாய் பெருமையோடு வந்தார்.

"எல்லாத்துக்கும் பதில் சொல்லிப்போட்டாள். அடுத்த வருசமும் தீவுக்கு வருவீங்கள்தானே?"

"அவளுக்கு நான் ஒராள் மட்டும் காணாது, அக்கா, கூடப் படிக்கப் பிள்ளையளும் வேணும். இங்க பள்ளிக்கூடத்தில சேருங்கோ."

"அப்ப அவரைத் தனிய அங்க விட்டிட்டு நான் இங்க இருக்கிறதோ?"

அந்தக் குடும்பத்தைப் பிரிக்கும் ஆலோசனை என்று தெரிந்தும் நான் அதை மாற்றிச் சொல்லவில்லை. செப்டெம்பரில் அவள் செவன் கிங்ஸில் பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். தாய் அவளோடு தங்கினார், தந்தை தீவில் தனியாக இருக்கிறார், என் வேலை முடிந்தது.