பிள்ளைக் காம்பராக் கதை

போன மாதம் அட்டனில் ஓர் இலக்கியக் கூட்டம். தத்துவம் தெரியாமல் விமர்சனம் செய்யலாமா என்று இளைஞர் ஒருவர் அழகாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கோ பக்கத்தில் இருந்தவரின் நனைந்த கம்பளி வாடைதான் மூக்கில் ஏறியது. அது என்னை வட்டகொடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஐம்பதுகளின் கடைசி. நான் அங்கே தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு விமர்சன நூல் படித்துவிட்டு, உலகத்துக் கதைகளுக்கெல்லாம் மார்க் போடலாம் என்று திரிந்த காலம். என்னோடு வேலை பார்த்த சவரிமுத்து, பாதிரியாருக்குப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவர். கற்ற தத்துவத்தை மட்டும் விடவில்லை. ஞாயிறு மாலைகளில் ஸ்டேஷன் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைப் பின்னறையில் எங்கள் சண்டை நடக்கும்.

"நல்ல கதைங்கிறீங்க. நல்லதுன்னா என்னங்க?" என்பார் அவர்.

"கட்டுக்கோப்பைப் பாருங்க சார்" என்பேன் நான்.

ஒருநாள் சிவபாக்கியம் அங்கே தான் எழுதிய கதையை வாசித்தாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். கதையில், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம் போகத் தாயை விடவில்லை. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் ஓடிவரும்போது பிள்ளையின் உயிர் போயிருந்தது. முடிவு வலிந்து செய்ததுபோல் இருக்கிறது என்றேன்.

"இது நடந்ததாம்மா?" என்று கேட்டார் சவரிமுத்து.

அவள் தாள்களை முந்தானையில் முடிந்துகொண்டாள். முன்னறையில் யாரோ இருமினார்கள். எட்டிப் பார்த்தேன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, ஆறிப்போன தேத்தண்ணியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார்.

கதை கொழும்புப் பத்திரிகையில் வந்த வாரமே எங்கள் மூவரையும் தோட்டத்துத் துரையின் ஆபிசுக்கு அழைத்தார்கள். வழியெல்லாம் பனி. எதிரே வந்தவர்கள் முகம் கொடுக்காமல் ஒதுங்கினார்கள். உண்மை என்று சொன்னால், அந்தத் தாயைத் தேடிப் பிடித்து லயத்து வீட்டைவிட்டே துரத்துவார்கள். எதற்கெடுத்தாலும் உண்மை எது என்று கேட்கும் சவரிமுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கற்பனைன்னு சொல்லிடு தங்கச்சி."

துரை பத்திரிகையைத் தட்டினார். "இது நெசமா, பொய்யா?"

"கற்பனைங்க தொரை" என்றாள் சிவபாக்கியம்.

"அந்த மாதிரி புள்ள இங்க இல்ல?"

சிவபாக்கியம் பத்திரிகையைப் பார்க்காமலே சொன்னாள்: "இல்லீங்க."

"இருந்துச்சுங்க" என்றது ஒரு குரல். செய்தி கேட்டுக் கொழுந்து மலையிலிருந்து நேரே வந்த முனியம்மா, முதுகில் கூடையோடு வாசலில் நின்றிருந்தாள். "எம்புள்ளங்க. பேரு பவளம்."

துரை பத்திரிகையை மெதுவாக மடித்தார்.

முனியம்மா குடும்பம் சட்டிபானையோடு வெளியேறியது. ராகலைப் பக்கம் போனதாகக் கேள்வி. வேலை போன சிவபாக்கியம் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறினாள். சவரிமுத்தைத் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். என்னை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

அந்தக் கடை இப்போது இல்லை. பத்திரிகையும் நின்றுபோயிற்று; அந்த இதழைத் தேடாத இடமில்லை. பிள்ளைக் காம்பராவை இடித்துவிட்டார்கள். பவளத்தைப் புதைத்த சரிவிலும் தேயிலை நட்டுவிட்டார்கள். அங்கே கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு அது வெறும் ஏழாம் நம்பர் மலை.